கடைசி ஆள் வந்து சேரும்வரை சாலையைத் திறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் மாவட்டத்துக்கு வெளியே ஒரு நான்குவழிச் சாலையில் நடந்த 60 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் நானும் போட்டியாளராகக் கலந்துகொண்டேன். மறுநாள் நாளிதழ்களில் வெற்றி பெற்றவர்களின் படங்களும் பரிசு வழங்கிய பிரமுகர்களின் பெயர்களும் வெளியாகியிருந்தன. வென்றவர்கள் அந்தப் பாராட்டுக்கு எல்லா வகையிலும் உரியவர்கள். ஆனால், அவர்கள் மேடையில் கோப்பை வாங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பந்தயத்தை இன்னும் முடிக்காத சிலர் அதே சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதும், எங்களைச் சுற்றி லாரிகளும் பேருந்துகளும் ஓடத் தொடங்கிவிட்டன என்பதும், எங்களில் ஒரு பெண் தோளையொட்டிய காறை எலும்பு முறிந்து சாலையோரத்தில் கிடந்தார் என்பதும் எந்தச் செய்தியிலும் இல்லை. அப்போது அவர் பக்கத்தில் இருந்தவள் நான் என்பதால், இதை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். பந்தயத்தை நடத்தியவர்களின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். வேறு பந்தயங்களுக்குச் சென்று வந்தவர்களும் ஏறக்குறைய இதே குறையைச் சொல்லக் கேட்டிருப்பதால், ஒருவரை மட்டும் சுட்டிக் காட்டுவது நியாயமாகாது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவள்; கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். 1991-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், எழுத்துப் படிப்பதோடு சைக்கிள் பழகுவதும் பெண்களுக்கான இயக்கமாக மாறியது. கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும், வயல் வேலைக்குப் போன பெண்களும், செவிலியர்களும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட காலம் அது. பெண்கள் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பெரும்பாலோர் பழகினார்கள். 1992-இல் எனக்கு 14 வயது. மணி வாடகைக்கு எடுத்த சைக்கிளில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் நானும் பழகினேன். என் அத்தை குழந்தையைப் பாரில் உட்கார வைத்து, பின் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு ஊருணியிலிருந்து வீட்டுக்கு வருவார். தெருவே நின்று பார்க்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நான் போனதும் சைக்கிளில்தான். பிறகு ஸ்கூட்டர் வந்தது. சைக்கிள் திண்ணைக்குப் போனது. 2020-இல் பொதுமுடக்கம் வந்து, இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகுதான் மறுபடி அதை எடுத்துத் துடைத்தேன்.

அப்படித் தொடங்கிய பழக்கம் மூன்று ஆண்டுகளில் ‘ரோடு பைக்’ எனப்படும் ஒரு பழைய பந்தய சைக்கிளை வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. சாதாரண சைக்கிளின் பாதி எடைகூட இல்லாத, விரல் பருமன் டயரில் 90 பவுண்டு காற்று நிற்கும் அந்த வண்டியில் முதன்முறை ஏறிய அன்று, 14 வயதில் முதன்முதலாகக் கால் தரையில் படாமல் பத்து அடி போனபோது உண்டான அதே மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. பந்தயத்துக்கு முந்தைய மூன்று மாதங்கள் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து பழகினேன். வார இறுதிகளில் 70 கிலோமீட்டர் வரை ஓட்டினேன். பரிசு வாங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. நேரம் குறிக்கப்பட்ட ஒரு பந்தயத்தில், முறைப்படி எண் குத்திக்கொண்டு, தொடங்கிய கோட்டிலிருந்து முடியும் கோடு வரை என் சொந்தக் கால் வலுவில் ஓட்டி முடிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

பந்தயத்துக்கான கட்டணம் 1,200 ரூபாய். முந்தின நாளே எண் அட்டை, நேரம் கணக்கிடும் சிப், பனியன், பதக்கம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான்குவழிச் சாலையின் ஒரு பக்கம் முழுவதும் காலை 8.30 மணி வரை பந்தயத்துக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது, மறுபக்கத்தில் மட்டுமே வண்டிகள் ஓடும் என்று சொன்னார்கள். 15 கிலோமீட்டர் மேற்கே போய், திரும்பி வந்து, அதையே இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும். ஆண்கள் 5.45 மணிக்கும் பெண்கள் 5.55 மணிக்கும் புறப்பட வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டரை மணி நேரம் அவகாசம். இந்த விதிகளை நம்பியே பணம் கட்டினோம், வீட்டில் அனுமதி கேட்டோம்.

பெண்கள் பிரிவில் நாங்கள் 11 பேர் இருந்தோம். கொடி அசைந்ததும் முதல் நான்கு கிலோமீட்டர் ஒரே கூட்டமாகப் போனோம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் என் முன்சக்கரம்; இருபுறமும் மூச்சு வாங்கும் ஒலி; பதினோரு செயின்களும் இருபத்திரண்டு டயர்களும் சேர்ந்து எழுப்பும் ஒரு ரீங்காரம். தனியாகப் பழகியபோது மணிக்கு 28 கிலோமீட்டரைத் தாண்டவே திணறிய நான் அந்தக் கூட்டத்துக்குள் 33 கிலோமீட்டர் வேகத்தில் அதிகம் சிரமப்படாமல் போய்க்கொண்டிருந்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. அந்தக் காற்று நேர் எதிரே வீசியும் என் முகத்தில் பாதிதான் பட்டது. வாழ்நாளில் மறக்க முடியாத நிமிடங்கள் அவை. பிறகு வேகமான நான்கு பேர் பிரிந்து போனார்கள். கூட்டம் உடைந்தது. காற்று முழுவதுமாக என் மேல் வந்து மோதியபோது வேகம் 24-க்கு இறங்கியது.

அங்கேதான் அந்தக் கல்லூரி மாணவி எனக்குத் துணையானார். இரண்டாம் ஆண்டு படிக்கிறார்; அவருக்கும் அது முதல் பந்தயம். “அக்கா, ஆளுக்கு நூறு எண்ணுவோம். நூறு ஆனதும் நீங்க முன்னால வாங்க, அப்புறம் நான் வர்றேன்” என்றார். ஒருவர் காற்றைத் தாங்கி முன்னால் ஓட்ட, மற்றவர் அவர் நிழலில் மூச்சு வாங்கிக்கொள்வது, நூறு முடிந்ததும் இடம் மாறுவது என்று இருவரும் ஒத்துப்போனோம். பேசிக்கொள்ளவில்லை, முழங்கையைச் சற்று ஆட்டினாலே புரிந்துகொண்டோம். முதல் சுற்றின் திருப்பத்தில் போலீஸ்காரர் ஒருவரும் தன்னார்வ மாணவர்கள் சிலரும் கைதட்டி வழிகாட்டினார்கள். கிழக்கே திரும்பியதும் காற்று முதுகைத் தள்ளியது. வழியோரக் கிராமங்களில் பெண்கள் வாசல் தெளித்தபடி நின்று எங்களைப் பார்த்தார்கள். அதுவரை ஏற்பாடுகளில் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை.

இரண்டாவது சுற்றில் மேற்குத் திருப்பத்தை நாங்கள் அடைந்தபோது மணி 7.35. எங்களுக்கு இன்னும் 50 நிமிட அவகாசம் இருந்தது. அங்கே போலீஸ்காரர் இல்லை. பாதையைப் பிரித்து வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளை இரண்டு மாணவர்கள் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து அவர்களே திடுக்கிட்டுப் போனார்கள். “எல்லாரும் போயிட்டாங்கன்னு போன் வந்துச்சே அக்கா” என்று ஒருவர் கையில் கூம்போடு நின்று சொன்னார். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. விடியும் முன்பே வந்து நின்றவர்கள். எத்தனை பேர் திரும்பினார்கள், எத்தனை பேர் பாக்கி என்று குறித்துக்கொள்ள அவர்களிடம் ஒரு தாளும் பேனாவும்கூடக் கொடுத்திருக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்களும், சாதாரண சைக்கிளில் வந்த ஆண்கள் இருவரும் வந்துகொண்டிருந்தார்கள்.

நாங்கள் திரும்பி ஓட்டத் தொடங்கிய சிறிது நேரத்தில் எங்கள் பக்கத்துச் சாலையிலும் வண்டிகள் வரத் தொடங்கின. முதலில் ஒரு கார், பிறகு ஒரு மணல் லாரி, அடுத்து இரண்டு பேருந்துகள். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்பது அந்த வட்டாரத்து மக்களுக்கே தெளிவாகத் தெரியாத நேரம் அது. ஆறு கிலோமீட்டர் வந்ததும் ஒரு கூட்டுரோடு. பால் கேன்களைக் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள், பேருந்துக்கு ஒதுங்குவதற்காக, எங்களுக்கு எதிர்த்திசையில் இடது ஓரத்தை ஒட்டி வந்தது. அப்போது அந்தப் பெண் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் எண்ணிய நூறில் பாதிகூட முடிந்திருக்காது. பிரேக்கை அழுத்தி இடப்பக்கம் ஒடித்தார். தார் விளிம்புக்கும் அதை ஒட்டிய மண்ணுக்கும் நான்கு விரல் உயர வித்தியாசம் இருந்தது. முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட, அவர் இடது தோள் தரையில் மோத விழுந்தார். நான் வலப்பக்கம் ஒடித்துத் தப்பினேன். எனக்குப் பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் சமயத்தில் பிரேக் போட்டதால்தான் இந்தக் கடிதத்தை என்னால் எழுத முடிகிறது.

தோளைத் தொட்டுப் பார்த்ததும் காறை எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. சைக்கிளிலிருந்து விழுபவர்களுக்கு அடிக்கடி முறியும் எலும்பு அது. விழும்போது உடலின் கனம் முழுவதும் தோள் வழியாக அதன் மேல்தான் இறங்குகிறது. தலைக்கவசம் அணிந்திருந்ததால் தலையில் அடி இல்லை. விரல்களின் நிறம், மணிக்கட்டில் நாடித் துடிப்பு, தொட்டால் உணர்வு இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, கையை மார்போடு அணைத்துக் கட்டத் துணி தேடினேன். கிடைக்கவில்லை. பஞ்சர் ஆனால் மாற்றுவதற்காக இருக்கைக்கு அடியில் வைத்திருந்த புது டியூபை எடுத்து, கழுத்தைச் சுற்றித் தூளிபோல் கட்டினேன். ரப்பர் சற்று இழுபட்டுக் கொடுத்ததால் கை அசையாமல் நின்றது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, “வண்டிக்கு என்னாச்சு அக்கா? அது எங்க கோச்சோடது” என்பதுதான்.

எண் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த அவசர எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பந்தயத்துக்கென நிறுத்தப்பட்டிருந்த ஒரே ஆம்புலன்ஸ் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், மேடைக்கு அருகே நின்றுகொண்டிருந்தது. 108-ஐ அழைத்தோம், 22 நிமிடங்களில் வந்தார்கள். அந்த 22 நிமிடங்களும் எங்களைக் காத்தவர் அந்தக் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. கடை பெஞ்சை இழுத்து வந்து, வண்டிகள் எங்கள் மேல் ஏறிவிடாதபடி சாலையோரத்தில் குறுக்கே போட்டார். அதன் மேல் ஒரு சிவப்புத் துண்டை விரித்துவிட்டு, பெஞ்சுக்கு முன்னால் தானே போய் நின்றுகொண்டார். வரும் வண்டிகளைக் கையைக் காட்டி ஒதுக்கினார். ஒரு பந்தய அமைப்பு செய்ய வேண்டிய வேலையை, அன்று எங்களைப் பார்த்தே இராத ஒருவர் தன் கடையை விட்டுவிட்டு வந்து செய்தார்.

எங்களுக்குப் பின்னால் வந்த ஆண்கள் இருவரும் சிறிது நேரம் நின்று உதவிவிட்டுப் புறப்பட்டு, 8.20 மணிக்குள் முடிவுக் கோட்டை அடைந்தார்களாம். அவர்களுக்கான அவகாசம் அதற்கு ஐந்து நிமிடம் முன்னரே முடிந்துவிட்டது என்றாலும், அவர்கள் பார்த்தபோது நேரம் பதியும் விரிப்பு ஏற்கெனவே சுருட்டப்பட்டு, காற்றடைத்த வளைவு இறக்கி மடிக்கப்பட்டிருந்தது. கழற்றத் தொடங்கியது எட்டு மணிக்கு முன்பே என்று அங்கிருந்த பழக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நான் வந்து சேர்ந்தபோது மணி 8.40. என் அவகாசம் கடந்துவிட்டது என்பதை ஏற்கிறேன். எனக்கென்று நேரம் நீட்டிக் கேட்கவில்லை. என் மனத்தை உலுக்கியது வேறு. போட்டியாளர் ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னபோது, அங்கே பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை. “யார் அந்தப் பெண்? எந்த எண்?” என்று என்னிடம் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து வெளியான முடிவுப் பட்டியலில் பெண்கள் பிரிவில் ஏழு பெயர்கள் இருந்தன. மற்ற நால்வருக்கும் நேரே ‘முடிக்காதவர்’ என்று ஒரே சொல்.

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. போலியோ சொட்டு மருந்து முகாம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடுவதில்லை. அன்று வராத குழந்தைகளைத் தேடி அடுத்தடுத்த நாள்களில் வீடு வீடாகப் போகிறோம், சுவரில் குறியிடுகிறோம், பேருந்து நிலையத்திலும் செங்கல் சூளையிலும் போய்ப் பார்க்கிறோம். தடுப்பூசிப் பதிவேட்டில் ‘விடுபட்டோர்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் எங்களை நடக்க வைக்கிறது. 100 குழந்தைகளில் 97 பேருக்குப் போட்டாயிற்று என்று பெட்டியை மூடினால் எங்கள் மேலதிகாரி முதலில் கேட்பது அந்த மூவரைப் பற்றித்தான். ஒரு பந்தயத்திலும் இதே கணக்கு வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் வழியாக நான் முன்வைக்கும் கோரிக்கை. புறப்பட்டவர்கள் எத்தனை, திருப்பத்தைக் கடந்தவர்கள் எத்தனை, வந்து சேர்ந்தவர்கள் எத்தனை, வழியில் நின்றவர்கள் எத்தனை என்ற நான்கு எண்களும் ஒத்துப்போகும்வரை சாலையைத் திறக்கக் கூடாது. தொலைபேசியில் யாரோ ஒருவர் “எல்லாரும் போய்விட்டார்கள்” என்று சொன்னதை வைத்து உயிர்களைக் கணக்கிடக் கூடாது.

பின்தங்கி வருபவர்கள் பயிற்சி போதாமல் வருபவர்கள், அவர்களுக்காக நெடுநேரம் சாலையை அடைத்து வைக்க முடியாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சைக்கிள் பந்தயத்தின் இயல்பை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சமதளத்தில் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டுபவர் முக்கியமாகப் போராடுவது காற்றோடுதான். காற்றை எதிர்க்க நொடிக்கு நொடி செலவிட வேண்டிய ஆற்றலான திறன், வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியராக இருந்த பெர்ட் பிளாக்கனும் குழுவினரும் 121 சைக்கிள் ஓட்டிகள் கொண்ட ஒரு கூட்டத்தைக் கணினியிலும், காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் நன்கு மறைந்து செல்பவர் எதிர்கொள்ளும் காற்றுத் தடை, தனியாகச் செல்பவருக்கு உள்ளதில் 5 முதல் 10 விழுக்காடு வரைதான். அதாவது வலுவானவர்கள் ஒருவருக்கொருவர் காற்றை மறைத்துக்கொண்டு போகிறார்கள்; அந்தக் கூட்டத்திலிருந்து நழுவியவர், குறைந்த வலுவோடு, முழுக் காற்றையும் தனியே தாங்குகிறார். ஆகவே இடைவெளி கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வளரத்தான் செய்யும். 60 கிலோமீட்டரை 40 கிலோமீட்டர் வேகத்தில் முடிப்பவருக்கு 90 நிமிடம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு 144 நிமிடம். இருவரும் அந்தப் பந்தயத்தின் விதிக்குள் இருப்பவர்களே. இந்த 54 நிமிடம் எதிர்பாராமல் நேர்வதில்லை. இரண்டரை மணி நேரம் அவகாசம் என்று அறிவித்த நாளிலேயே பந்தயத்தை நடத்துபவர்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்பு அது.

1903-இல் தொடங்கிய பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் (டூர் டி பிரான்ஸ்), பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட 1910-ஆம் ஆண்டில், கடைசி ஓட்டிக்குப் பின்னால் ஒரு வண்டியை அனுப்பும் வழக்கம் வந்தது. அதற்கு விளக்குமாற்று வண்டி என்றே பெயர்; பெயருக்கேற்ப ஒரு விளக்குமாற்றையும் அதில் கட்டுவார்களாம். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். அந்த வண்டி கடந்து போனால்தான் பந்தயம் அந்த இடத்தைக் கடந்தது என்று பொருள். ஒட்டுமொத்தத்தில் கடைசி இடத்தில் இருப்பவரை அங்கே, ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கின் பெயரால் அழைக்கிறார்கள். பெட்டி எதுவும் வழியில் கழன்றுவிடாமல் ரயில் முழுதாக வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளமான விளக்கு அது. அதற்கும் முன்பு, 1869 நவம்பர் 7 அன்று பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த 123 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் ஏறக்குறைய 10 மணி 40 நிமிடத்தில் வென்றார். அதே பந்தயத்தில் ‘மிஸ் அமெரிக்கா’ என்ற பெயரில் ஓட்டிய ஒரு பெண் 29-ஆம் இடத்தில் வந்ததும் பதிவாகியிருக்கிறது. ரூவானில் யாரோ ஒருவர் 29-ஆவது ஆள் வரும்வரை தாளோடு காத்திருந்ததால்தான் அந்தப் பெண் ஓட்டி முடித்தது இன்று நமக்குத் தெரிகிறது.

இதைப் பெண்களின் பிரச்சினையாகவும் நான் பார்க்கிறேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டியில், 13, 15, 17 வயதுக்குட்பட்ட மாணவிகள் 10 அல்லது 15 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள் போதும் என்பதால் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். மேல்நிலை வகுப்பில் அரசே விலையில்லா மிதிவண்டி தருகிறது. அந்தப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பிறகு பந்தயம் என்று இருப்பது பெரும்பாலும் இப்படித் தனியார் நடத்தும் போட்டிகள்தான். கல்லூரியிலோ வேலையிலோ இருந்துகொண்டு, கூட்டமாகப் பழக வாய்ப்பே இல்லாமல் முதன்முறை வரும் பெண்கள் பின்வரிசையில்தான் இருப்பார்கள். அன்று கடைசியாக வந்த நான்கு பெண்களுக்கும் அது முதல் பந்தயம். பின்வரிசையைக் கைவிடும் ஏற்பாடு, நடைமுறையில், இந்தப் பெண்களைக் கைவிடும் ஏற்பாடாக ஆகிவிடுகிறது. மருத்துவமனையில் அந்த மாணவியின் தந்தை என்னிடம் கேட்டார்: “இத்தனை வண்டி போற ரோட்டுல பிள்ளைகளை விட்டுட்டு எல்லாரும் எங்கம்மா போனாங்க?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதற்குப் பெரும் செலவு பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. திருப்பத்தில் இருவர் தாளோடு நின்று எண்களைக் குறிப்பது, கடைசி ஆளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கோடு ஒரு வண்டியை அனுப்புவது, அந்த வண்டி கடந்த பகுதியை மட்டும் போலீசார் அடுத்தடுத்துத் திறந்துவிடுவது, ஆம்புலன்ஸ் ஒன்றை மேடையருகே நிறுத்தினால் இன்னொன்றைத் தூரத்துத் திருப்பத்தில் நிறுத்துவது, அவசர எண்ணை மேடைப் பொறுப்பில் இல்லாத ஒருவர் கையில் கொடுப்பது ஆகியவை போதும். 15 கிலோமீட்டர் நீளச் சாலையைக் காக்க ஆள் இல்லையென்றால், ஐந்து கிலோமீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுத்து ஆறு முறை போய் வரச் செய்யலாம். தூரம் அதேதான், கண்காணிப்பது எளிது. இரண்டரை மணி நேரம் சாலை கிடைக்காது என்றால் இரண்டு மணி நேரம்தான் என்று முன்கூட்டியே அறிவித்து, அதற்குள் வராதவர்களை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். நானே அந்த வண்டியில் ஏறியிருப்பேன். அதில் எனக்கு அவமானம் ஏதும் இல்லை. கட்டணத்தில் 200 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்போம். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் அனுமதி தரும்போது, தொடக்க ஏற்பாட்டையும் மேடை ஏற்பாட்டையும் கேட்பதுபோல, கடைசி ஓட்டிக்கான ஏற்பாட்டையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டுகிறேன். தங்கள் செய்தியாளர்களும் இனி இத்தகைய பந்தயங்களுக்குச் செல்லும்போது, வென்றவர் யார் என்பதோடு, புறப்பட்டவர்கள் அனைவரும் வந்து சேர்ந்தார்களா என்ற ஒரு கேள்வியையும் கேட்டு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

அந்த மாணவிக்கு எலும்பு நன்றாகக் கூடிவருகிறது. கட்டு அவிழ்த்த வாரமே என்னை அழைத்து, மார்கழியில் வேறொரு பந்தயம் வருகிறது, போவோமா அக்கா என்று கேட்டார். அவர் தந்தை இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தப் பந்தயத்தை நடத்துபவர்களுக்குக் கடந்த திங்கட்கிழமை ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்: கடைசித் திருப்பத்தில் ஆள் கணக்கு எடுப்பவர் யார், கடைசி ஓட்டிக்குப் பின்னால் வரும் வண்டி எது, சாலையைத் திறக்கச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்ற மூன்று கேள்விகள் மட்டும் அதில் இருக்கின்றன. பதில் வந்ததும் அதை அவர் தந்தையிடம் எடுத்துப் போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.